‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை எப்படிப் பிடிப்பது?

‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ‘ஐ காட் டயர்ட்’ என்றால் களைத்துப்போனேன். ‘ஐ காட் ஹோம்’ என்றால் வீடு வந்து சேர்ந்தேன். ‘ஐ காட் இட்’ என்றால், பல சமயம், புரிந்தது. நான்கு வாக்கியங்களுக்கும் தமிழில் நான்கு வெவ்வேறு வினைகள் வருகின்றன. ஆங்கிலத்தில் நான்கிலும் இருப்பது ‘கெட்’ என்ற ஒரே வினைச்சொல்லின் இறந்தகால வடிவம்.

அகராதியைத் திறந்தால் பெறு, வாங்கு, அடை, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள், பிடி, கொண்டு வா என்று பொருள்கள் அடுக்கடுக்காக வரும். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. பேசுகிற வேகத்தில் பட்டியல் கைகொடுக்காது. அதைவிட, இந்தச் சொல் அடிப்படையில் என்ன வேலை செய்கிறது என்று பிடித்துக்கொண்டால், முன்பின் கேட்காத வாக்கியத்தில் வந்தாலும் பொருளை ஊகித்துவிடலாம்.

கெட் ஒரு மாற்றத்தைச் சொல்கிறது. முன்பு இல்லாத ஒன்று இப்போது உங்களிடம் இருக்கிறது. முன்பு ஒரு நிலை, இப்போது வேறு நிலை. முன்பு அங்கே இருந்தீர்கள், இப்போது இங்கே. முன்பு புரியவில்லை, இப்போது புரிகிறது. இருப்பதை இருக்கிறபடி சொல்ல ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ உண்டு, ‘பி’ (ஆம், இஸ், ஆர்) உண்டு. இல்லாத இடத்திலிருந்து இருக்கும் இடத்துக்கு வந்ததைச் சொல்லத்தான் கெட். ‘ஐ ஹாவ் எ ஜாப்’ என்றால் எனக்கு வேலை இருக்கிறது. ‘ஐ காட் எ ஜாப்’ என்றால் எனக்கு வேலை கிடைத்தது. ‘ஐ ஆம் ரெடி’ என்றால் தயாராக இருக்கிறேன். ‘ஐ காட் ரெடி’ என்றால் தயாரானேன். இந்த இரண்டு ஜோடிகளையும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்த வித்தியாசத்தின் விரிவுதான்.

வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிகழ்காலம் கெட்; ஹி, ஷி, இட் எழுவாயாக வந்தால் கெட்ஸ். இறந்தகாலம் காட். நடந்துகொண்டிருப்பதற்கு கெட்டிங். மூன்றாம் வடிவம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் காட், அமெரிக்க ஆங்கிலத்தில் பெரும்பாலும் காட்டன். உச்சரிக்கும்போது முதல் ஒலி ‘தங்கம்’ என்ற சொல்லில் வரும் ‘க’ போல மென்மையாக வர வேண்டும், ‘பக்கம்’ என்பதில் வருவது போல வல்லோசையாக அல்ல.

‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள்

தமிழ் பேசுகிறவர்களுக்கு கெட் சிக்கலாகத் தெரிவதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. இந்த ஐந்து வாக்கியங்களைப் பாருங்கள்: எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு அடிபட்டது.

ஐந்திலும் ஆள் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறார். வேலை வருகிறது, காய்ச்சல் வருகிறது, கோபம் வருகிறது; நமக்கு அது நேர்கிறது. ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது. ஆளை எழுவாயாக முன்னால் நிறுத்தி, நடுவில் கெட் வைத்து, வந்ததைப் பின்னால் வைக்கிறது. ‘ஐ காட் எ ஜாப்.’ ‘ஐ காட் எ ஃபீவர்.’ ‘ஐ காட் எ கோல்ட்.’ ‘ஐ காட் ஆங்கிரி.’ ‘ஐ காட் ஹர்ட்.’ கிடை, வா, பிடி, படு என்று தமிழ் பிரித்துக் கொடுத்த வேலையை ஆங்கிலம் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டது.

ஆகவே மனதில் ‘எனக்கு… வந்தது’ என்றோ ‘எனக்கு… கிடைத்தது’ என்றோ வாக்கியம் உருவானால், ஆங்கிலத்தில் ‘ஐ காட்’ என்று தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக அமையும். ‘தூக்கம் வரவில்லை’ என்பதை ‘ஸ்லீப் இஸ் நாட் கமிங்’ என்று அப்படியே மாற்றிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அதற்கு இயல்பான ஆங்கிலம் ‘ஐ கான்ட் கெட் டு ஸ்லீப்’.

ஆனால் ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு ‘ஐ ஆம் ஹங்க்ரி’தான். பசி இருக்கிறது, அவ்வளவே. நேரம் ஆக ஆகப் பசி எடுக்க ஆரம்பித்தது என்றால் அப்போது ‘ஐ காட் ஹங்க்ரி’. எடுத்துக்கொண்டே வருகிறது என்றால் ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்க்ரி’. இருப்பதா, ஆவதா என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும்.

ஒரு பொருள் கைக்கு வருவதில் கெட் மிகவும் தாராளம். எப்படி வந்தது என்று அது கவலைப்படுவதில்லை. ‘வேர் டிட் யூ கெட் தட் பேக்?’ என்று ஒருவர் கேட்டால், நீங்கள் அதை வாங்கியிருக்கலாம், பரிசாகப் பெற்றிருக்கலாம், பழைய சாமான்களுக்குள் கண்டெடுத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். ‘பை’ என்று சொன்னால் காசு கொடுத்ததாகிவிடும். ‘ரிசீவ்’ என்றால் யாரோ கொடுத்ததாகிவிடும். கெட் இதில் எதையும் உறுதியாகச் சொல்லாது. பேச்சில் இது பெரிய வசதி.

போய் எடுத்து வருவதற்கும் இதே சொல்தான். ‘கெட் மீ எ சேர்’ என்றால் எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வா. இதையே ‘கெட் எ சேர் ஃபார் மீ’ என்றும் சொல்லலாம். ‘எனக்கு’ என்பதற்கு ‘டு மீ’ என்று போடத் தோன்றும். இங்கே ‘ஃபார் மீ’தான் வர வேண்டும். போன் அடிக்கும்போது ‘ஐ வில் கெட் இட்’ என்று ஒருவர் எழுந்தால் நான் எடுக்கிறேன் என்று பொருள். கதவு தட்டும்போது அதே வாக்கியம் வந்தால் நான் போய்த் திறக்கிறேன்.

நிலை மாறுவது

கெட் என்ற சொல்லை அடுத்து ஒரு பண்புச்சொல் வந்தால், அந்த நிலைக்கு மாறுவதாகப் பொருள். ‘இட் காட் டார்க்’ என்றால் இருட்டிவிட்டது. ‘ஹி காட் ஓல்ட்’ என்றால் அவருக்கு வயதாகிவிட்டது. ‘மை ஹான்ட்ஸ் காட் கோல்ட்’ என்றால் கைகள் சில்லிட்டுப்போயின. ‘ஷி இஸ் கெட்டிங் பெட்டர்’ என்றால் அவருக்கு உடம்பு தேறி வருகிறது.

இந்தத் தமிழ் வாக்கியங்களின் கடைசியைக் கவனியுங்கள். இருட்டி‘விட்டது’, வயது‘ஆகி’விட்டது, சில்லிட்டுப் ‘போயின’, தேறி ‘வருகிறது’. தமிழில் விடு, ஆகு, போ, வா ஆகிய துணைவினைகள் மாற்றத்தைச் சுமக்கின்றன. தொலைந்துபோனது என்றால் ‘இட் காட் லாஸ்ட்’. உடுத்திக்கொண்டான் என்றால் ‘ஹி காட் ட்ரெஸ்ட்’. நனைந்துவிட்டேன் என்றால் ‘ஐ காட் வெட்’. கல்யாணம் செய்துகொண்டார்கள் என்றால் ‘தே காட் மேரீட்’. போ, விடு, கொள் என்று தினமும் வாய் ஓயாமல் நாம் சொல்லும் அந்தத் துண்டுகளுக்கு ஈடாக ஆங்கிலத்தில் அடிக்கடி வந்து நிற்பது கெட். இது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. தமிழர்களுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ‘பெறு’ என்ற முதல் பொருளிலிருந்து தொடங்காமல், இங்கிருந்து தொடங்கினால் பாதிச் சிரமம் குறையும் என்று நம்புகிறேன்.

அப்புறம், இங்கே கவனம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. கெட் பண்புச்சொல்லோடு சேர்ந்தால்தான் ‘ஆகு’ என்ற பொருள் வரும். பெயர்ச்சொல் வந்தால் பழையபடி ‘பெறு, கொண்டு வா’ என்ற பொருளுக்குப் போய்விடும். அவர் டாக்டர் ஆனார் என்று சொல்ல நினைத்து ‘ஹி காட் எ டாக்டர்’ என்றால், அவர் ஒரு டாக்டரை அழைத்து வந்தார் என்று ஆகிவிடும். அதற்கு ‘ஹி பிகேம் எ டாக்டர்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாப் பண்புச்சொற்களுடனும் கெட் ஒட்டுவதில்லை என்பதும் உண்மை. பார்வை போய்விட்டது என்பதற்கு ‘கோ ப்ளைன்ட்’. முகம் சிவந்தது என்பதற்குப் பெரும்பாலும் ‘டர்ன் ரெட்’ அல்லது ‘கோ ரெட்’. இவை வழக்கில் படிந்துபோனவை. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

‘போரடிக்கிறது’ என்பதற்கு ‘ஐ ஆம் கெட்டிங் போர்’ என்று சொல்வது அடிக்கடி காதில் விழும். ‘ஐ ஆம் கெட்டிங் போர்ட்’ என்பதே சரி. கடைசி ‘ட்’ ஒலியை விழுங்கிவிடக் கூடாது. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் பொருள் தலைகீழாகி, என்னோடு பேசினால் உங்களுக்குச் சலிப்புத் தட்டும் என்றாகிவிடும்.

இடம் மாறுவதைச் சொல்வது எளிது. ‘வி காட் டு த ஸ்டேஷன் அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்கு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம். ‘ஹவ் டு ஐ கெட் டு த லைப்ரரி?’ என்றால் நூலகத்துக்கு எப்படிப் போவது. ஹோம், ஹியர், தேர் போன்ற சொற்களுக்கு முன்னால் ‘டு’ போடக் கூடாது. ‘கெட் டு ஹோம்’ தவறு. ‘கெட் ஹோம்’ சரி. ‘வீட்டுக்கு’ என்பதில் உள்ள ‘கு’ நம்மை இந்தத் தவறுக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

‘வாஸ்’ போடுவதா, ‘காட்’ போடுவதா?

செயப்பாட்டு வினைக்கு ‘வாஸ்’ என்று பள்ளியில் படித்திருப்போம். பேச்சில் அந்த இடத்தில் கெட் வந்து உட்காருவது மிக சகஜம். ‘ஹி காட் அரெஸ்டட்’, ‘ஷி காட் ப்ரமோட்டட்’, ‘த கார் காட் ஸ்டக்’ எல்லாம் அப்படித்தான். பிடிபட்டான், அடிபட்டது என்று நாம் ‘படு’ சேர்க்கிறோமே, கிட்டத்தட்ட அதே இடம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க ஒரே ஒரு உதாரணம் போதும். ‘த விண்டோ வாஸ் ப்ரோக்கன்’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்க இடமுண்டு. ஜன்னல் உடைக்கப்பட்டது என்பது ஒன்று. நான் போனபோது ஜன்னல் ஏற்கெனவே உடைந்திருந்தது என்பது இன்னொன்று. முதலாவது நிகழ்ச்சி; இரண்டாவது நிலை. ‘வாஸ்’ இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ‘த விண்டோ காட் ப்ரோக்கன்’ என்றால் அந்தக் குழப்பமே இல்லை: உடைந்தது என்ற நிகழ்ச்சி மட்டும்தான். ‘ஷி வாஸ் மேரீட்’ என்பதும் அப்படியே. அவருக்குத் திருமணமாகி இருந்தது என்றும் கொள்ளலாம், திருமணம் நடந்தது என்றும் கொள்ளலாம். ‘ஷி காட் மேரீட்’ என்றால் திருமணம் நடந்தது என்பது உறுதி. போகிற போக்கில் ஒன்று: யாரை மணந்தார் என்று சேர்க்கும்போது ‘வித்’ வராது, ‘டு’ வரும்.

எதிர்பாராமல் நடந்தவற்றையும், நம் கையில் இல்லாதவற்றையும் சொல்லும்போது கெட் அதிகம் வரும். அடிபடுவது, திருடு போவது, வேலை பறிபோவது, நடுவழியில் சிக்கிக்கொள்வது இப்படி. நல்லவற்றுக்கும் வரும், சம்பளம் வந்தது என்பதற்கு ‘ஐ காட் பெய்ட்’. ஆனால் அறிதல், விரும்புதல் போன்ற, மாற்றம் இல்லாத வினைகளோடு இது சேராது. அவர் எல்லோராலும் விரும்பப்பட்டார் என்பதற்கு ‘ஹி வாஸ் லைக்ட் பை எவ்ரிஒன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘காட் லைக்ட்’ பொருந்தாது. விரும்பப்படுவது ஒரு நொடியில் நடந்து முடியும் நிகழ்ச்சி இல்லையே.

இன்னொரு பக்கம், கெட் என்ற வினையையே செயப்பாட்டில் போட முயலக் கூடாது. ‘வேலை அவரால் பெறப்பட்டது’ என்று தமிழிலேயே யாரும் பேச மாட்டார்கள். ‘த ஜாப் வாஸ் காட் பை ஹிம்’ என்பதும் அதே அளவு செயற்கையாக இருக்கும். ‘ஹி காட் த ஜாப்’ என்று நேராகச் சொல்லிவிடலாம்.

மற்றவரைச் செய்ய வைப்பது

தமிழில் ‘செய்ய வைத்தேன்’ என்று ஒரே உருவத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். மிரட்டிச் செய்ய வைத்தாலும், கெஞ்சிச் செய்ய வைத்தாலும், பக்குவமாகப் பேசிச் செய்ய வைத்தாலும் ‘வை’தான். ஆங்கிலம் இங்கே பிரித்துப் பார்க்கிறது. ‘ஐ மேட் ஹிம் கோ’ என்றால் அவனுக்கு வேறு வழி இல்லாமல் செய்தேன். ‘ஐ காட் ஹிம் டு கோ’ என்றால் எப்படியோ சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். முதலில் அவன் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை, கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது என்ற சாயல் இதில் இருக்கும். ‘மேட்’ வந்தால் அடுத்து ‘டு’ இல்லை, ‘காட்’ வந்தால் ‘டு’ கட்டாயம். இந்த ‘டு’ விஷயத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள்.

உயிரில்லாத பொருள்களும் முரண்டு பிடிக்கும் அல்லவா? அதற்கும் இதே அமைப்புதான். ‘ஐ கான்ட் கெட் த கார் டு ஸ்டார்ட்’ என்றால் என்ன செய்தும் கார் கிளம்ப மாட்டேன் என்கிறது.

அடுத்தது, நாம் நேரடியாகச் செய்யாமல் ஆள் வைத்துச் செய்துகொள்ளும் வேலைகள். முடி வெட்டிக்கொண்டேன் என்கிறோம். வெட்டியது நாம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று மாற்றினால், கேட்பவர் நீங்களே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டதாக நினைப்பார். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதுதான் சரி. போனைச் சரிசெய்துகொண்டேன், கண்ணைப் பரிசோதித்துக்கொண்டேன், வீட்டுக்குப் பெயின்ட் அடித்தேன் என்பவையும் இந்த வகைதான்: ‘ஐ காட் மை போன் ஃபிக்ஸ்ட்’, ‘ஐ காட் மை ஐஸ் டெஸ்டட்’, ‘வி காட் த ஹவுஸ் பெயின்டட்’. பொருள் முதலில், வினையின் மூன்றாம் வடிவம் கடைசியில். இந்த வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும் என்பதால் வாய்க்கு வரும்வரை சொல்லிப் பழகுவது நல்லது.

‘கெட் டு’ என்ற சேர்க்கைக்கு வேறு ஒரு அழகான பயனும் உண்டு. ‘ஐ காட் டு மீட் ஹர்’ என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அது எனக்கு மகிழ்ச்சி என்பதும் உள்ளே இருக்கிறது. ‘ஐ மெட் ஹர்’ என்பதில் அந்த மகிழ்ச்சி இல்லை, வெறும் தகவல்தான். ‘டிட் யூ கெட் டு சீ த சீ?’ என்று கேட்டால் கடலைப் பார்க்க முடிந்ததா என்று ஆவலோடு கேட்பதாக இருக்கும். ‘கெட் டு நோ’ என்றால் பழகிப் பழகித் தெரிந்துகொள்வது. ஒருவரை ஒரே நாளில் ‘மீட்’ பண்ணிவிடலாம். ‘கெட் டு நோ’வுக்குக் காலம் எடுக்கும்.

புரிதலுக்கு வருவோம். ‘ஐ டிட்ன்ட் கெட் த ஜோக்’ என்றால் அந்த நகைச்சுவை எனக்குப் பிடிபடவில்லை. தமிழும் இங்கே ‘பிடிபடு’ என்று கைக்கு வருகிற சொல்லையே பயன்படுத்துகிறது. யாராவது விளக்கி முடித்ததும் நாம் ‘புரிந்தது’ என்று இறந்தகாலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் ‘காட் இட்’ என்று இறந்தகாலம்தான். இந்த ஒரு பயன்பாட்டைத் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

வழிக்கு வராத ஒரு பயன்பாடு

‘ஹாவ் காட்’ மட்டும் மேலே சொன்ன விதிக்கு அடங்காது. ‘ஐ ஹாவ் காட் டூ பிரதர்ஸ்’ என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். கிடைத்தார்கள் என்று அல்ல. உருவத்தில் பழைய காலம். பொருளில் முழுக்க நிகழ்காலம். ‘ஐ ஹாவ்’ என்பதற்கும் இதற்கும் பொருளில் வேறுபாடு கிடையாது. பிரிட்டிஷ் பேச்சில் இது அதிகம். சேர்த்துச் சொல்லும்போது ‘ஐவ் காட்’ என்று காதில் விழும். வேகமான பேச்சில் முன்னால் உள்ள ‘வ்’ காணாமல் போய் ‘ஐ காட்’ என்று மட்டும் கேட்கும். அந்த இடத்தில் அது இருக்கிறது என்பதா, கிடைத்தது என்பதா என்று சூழலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதோடு ‘டு’ சேர்ந்தால் கட்டாயம் வந்துவிடும். ‘ஐவ் காட் டு கோ’ என்றால் நான் போயாக வேண்டும். பேச்சிலும் பாட்டிலும் கேட்கும் ‘காட்டா’ என்பது இந்த ‘காட் டு’ உருகி ஒன்றானதுதான். பேசும்போது தவறில்லை, தேர்விலோ கடிதத்திலோ எழுதக் கூடாது.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால் பழைய விதியின் நிழல் தெரியும். ஒன்று கிடைத்து முடிந்துவிட்டது என்றால், அது இப்போது கையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சின்னச் சொற்கள் பின்னால் வரும்போது

கெட் அப், கெட் ஆன், கெட் ஆஃப், கெட் இன், கெட் அவுட், கெட் ஓவர், கெட் பேக், கெட் த்ரூ. இவற்றை ஒவ்வொன்றாக உருப்போடுகிறவர்கள் பாவம். கெட் மாற்றத்தைச் சொல்கிறது, பின்னால் வரும் சின்னச் சொல் திசையைச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டால் பல சேர்க்கைகள் தாமாகத் திறந்துகொள்ளும். அப் என்றால் மேலே. படுத்த நிலையிலிருந்து மேலே வருவது ‘கெட் அப்’, எழுந்திருப்பது. பேக் என்றால் பழைய இடம். ‘கெட் பேக்’ திரும்பி வருவது. ஓவர் என்றால் ஒன்றைத் தாண்டி அந்தப் பக்கம் போவது. காய்ச்சலோ துக்கமோ, அதைத் தாண்டி வெளியே வந்தால் ‘கெட் ஓவர்’. த்ரூ என்றால் ஊடே புகுந்து மறுபக்கம். கஷ்டமான நாளை எப்படியோ கடந்துவிட்டால் ‘கெட் த்ரூ’, போன் லைன் கிடைத்துவிட்டாலும் ‘கெட் த்ரூ’.

வண்டியில் ஏறி இறங்குவதில் ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது. பஸ், ரயில், விமானம் என்று உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வாகனம் என்றால் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. கார் போலக் குனிந்து நுழைந்து உட்காருவது என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. மேலே ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் ஆன், ஆஃப். இறங்குதல் என்றதும் ‘கெட் டவுன்’ என்று சொல்வது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். இந்திய ஆங்கிலத்துக்குள் அது எல்லோருக்கும் புரியும். வெளியே உள்ளவர்களுக்கு ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ கீழே இறங்குவது, அல்லது ஆபத்து நேரத்தில் குனிந்து தரையோடு பதுங்குவது. ‘ஐ ஆம் கெட்டிங் ஆஃப் அட் த நெக்ஸ்ட் ஸ்டாப்’ என்று சொன்னால் எங்கும் குழப்பம் வராது.

திசையை வைத்து ஊகிக்க முடியாதவையும் உண்டு. ‘கெட் ரிட் ஆஃப்’ என்றால் ஒழித்துக்கட்டுவது, தொலைத்துத் தலைமுழுகுவது. ‘கெட் அலாங் வித்’ என்றால் ஒருவரோடு ஒத்துப்போவது. ‘கெட் பை’ என்றால் இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ‘கெட் அவே வித்’ என்றால் தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் நழுவுவது. இந்த நான்கையும் முழு வாக்கியத்தோடு மனதில் வைத்துக்கொள்ளலாம், வேறு வழியில்லை.

இதுவரை பார்த்ததை ஒரு குறுஞ்செய்தியில் வைத்துப் பார்ப்போம். ‘ஐ காட் யுவர் மெசேஜ் வென் ஐ காட் ஹோம். இட் வாஸ் கெட்டிங் டார்க், ஸோ ஐ காட் மை சன் டு கெட் த டார்ச். ஐ டிட்ன்ட் கெட் த லாஸ்ட் லைன். கான் ஐ கெட் பேக் டு யூ டுமாரோ?’ கெட் ஏழு தடவை வருகிறது. முதலாவது, செய்தி கைக்கு வந்தது. இரண்டாவது, வீடு வந்து சேர்ந்தது. மூன்றாவது, இருட்டிக்கொண்டு வந்தது. நான்காவது, மகனைச் செய்ய வைத்தது. ஐந்தாவது, டார்ச்சை எடுத்து வருவது. ஆறாவது, கடைசி வரி புரியாதது. ஏழாவது, நாளைக்குத் திரும்பத் தொடர்புகொள்வது. எந்த இடத்திலும் குழப்பம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட் என்ன பொருள் தருகிறது என்பதை அதற்கு அடுத்து வரும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆகவே படிக்கும்போதும் கேட்கும்போதும் கண்ணும் காதும் கெட் மீது நின்றுவிடாமல் அதற்கு அடுத்த சொல்லுக்குத் தாவ வேண்டும்.

எங்கிருந்து வந்தது

கெட் ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்த சொல். 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்றால் பெறு, அடை. எக், ஸ்கை, விண்டோ, டேக், தே போன்ற சொற்களும் அந்த மொழியின் கொடைதான். அண்டை வீட்டுக்காரர்களாக ஒன்றாகப் புழங்கினால்தான் இவ்வளவு அன்றாடச் சொற்கள் இடம் மாறும். பழைய ஆங்கிலத்திலும் இதற்கு உறவான ஒரு வினை இருந்தது, ஆனால் தனித்து வராமல் முன்னொட்டோடு மட்டும் வந்தது. ‘ஃபர்கெட்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது அதுதான்: மனதின் பிடியிலிருந்து நழுவ விடுவது.

காட்டன் என்ற வடிவம் அமெரிக்கர்கள் புதிதாக உண்டாக்கியது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பழைய வடிவம். இங்கிலாந்திலிருந்து போனவர்கள் அதையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் பிரிட்டனில் அது மெல்ல வழக்கொழிந்தது, அமெரிக்காவில் தங்கிவிட்டது. ‘ஃபர்காட்டன்’ என்பதில் இரண்டு நாட்டாரும் இன்றைக்கும் அந்த வால்பகுதியை விடாமல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ‘ஐ ஹாவ் காட் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது. ‘ஐ ஹாவ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘காட்’தான். எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம். ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

கெட் போட்டு எழுதக் கூடாது, அது தரக்குறைவு என்று கண்டிப்பாகச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எழுத்துக்கு அந்த அறிவுரையில் நியாயம் இருக்கிறது. விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ காட் யுவர் லெட்டர்’ என்பதைவிட ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ என்பது பொருத்தம். ஆய்வுக் கட்டுரையில் ‘வி காட் திஸ் ரிசல்ட்’ என்பதைவிட ‘வி அப்டெய்ன்ட் திஸ் ரிசல்ட்’ தெளிவாக இருக்கும். ஆனால் அந்த அறிவுரையைப் பேச்சுக்கும் நீட்டிவிட்டால் ஆங்கிலம் விறைத்துப்போகிறது. நன்றாகப் படித்தவர்கள்கூட நேரமாகிவிட்டது என்று சொல்ல ‘இட் இஸ் பிகமிங் லேட்’ என்று சொல்வதற்குக் காரணம் இந்தத் தயக்கம்தான். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழும்போது ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்றுதான் சொல்வார்கள்.